மெஷினிலேயே சர்வீஸ் அக்கவுண்ட் இருக்கும்போது கீ ஃபைல் எதற்கு?

கூகுள் கிளவுட் காசு வாங்காமல் தரும் வசதிகளில் எது உருப்படியானது என்று கேட்டால், விர்ச்சுவல் மெஷினோடு (கூகுள் சர்வரில் நாம் வாடகைக்கு ஓட்டும் கணினி) சர்வீஸ் அக்கவுண்டை இணைத்துக்கொள்ளும் வசதிதான் என்று யோசிக்காமல் சொல்வேன். தனிக் கட்டணம் கிடையாது, எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், ஒழுங்காக அமைத்துவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஆனாலும் நிறைய பேர் இன்னமும் அந்த அக்கவுண்டின் ரகசியச் சாவி இருக்கும் ஜேசன் கீ ஃபைலை டவுன்லோடு செய்து, அதை மெஷினில் ஏற்றி, அது இருக்கும் இடத்தை என்விரான்மென்ட் வேரியபிளில் (ப்ரோகிராம்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு) கொடுத்துத்தான் வேலையை ஓட்டுகிறார்கள். இரண்டையும் நிறையப் பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குறைகளும் இருக்கின்றன, அதில் ஒன்று நல்ல எரிச்சலான குறை.

மெஷினில் ஒரு ப்ரோகிராம் ஓடுகிறது, தினமும் ராத்திரி ஸ்டோரேஜ் பக்கெட்டில் (கிளவுடில் ஃபைல்களைப் போட்டுவைக்கும் இடம்) பேக்கப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது யார் பெயரில் போடும்? உங்கள் சொந்த லாகினில் ஓட்டினால், நீங்கள் வேலையை விட்டுப் போய் உங்கள் கணக்கை மூடிய அன்று பேக்கப்பும் நின்றுவிடும். அதற்காகத்தான் ஆளுக்கு இல்லாமல் ப்ரோகிராமுக்கு என்றே ஒரு கணக்கு, அதுதான் சர்வீஸ் அக்கவுண்ட். இமெயில் மாதிரி ஒரு முகவரி இருக்கும், பாஸ்வேர்டு இருக்காது. மெஷினை உருவாக்கும்போதே இது இன்ன அக்கவுண்டின் பெயரில் ஓடும் என்று சொல்லிவிடலாம், அப்புறம் அந்த அக்கவுண்டுக்கு எந்த பக்கெட்டில் என்ன ரோல் (அனுமதிகளின் தொகுப்பு) கொடுக்கிறோமோ அதுதான் அந்த மெஷினின் அதிகாரம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு தடவை கையால் செய்து பார்த்துவிடுங்கள், எல்லாம் புரிந்துவிடும். மெஷினுக்குள் லாகின் செய்து, கர்ல் கமாண்டில் 169.254.169.254 என்ற முகவரியில் இருக்கும் மெட்டாடேட்டா சர்வரிடம் (மெஷினுக்கு அதன் சொந்த விவரங்களைத் தரும் சேவை) டோக்கன், அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டு, கேளுங்கள். இந்த முகவரி அந்த மெஷினுக்கு உள்ளே இருந்து மட்டும்தான் எட்டும். கேட்கும்போது ‘மெட்டாடேட்டா-ஃப்ளேவர்: கூகுள்’ என்று ஒரு ஹெடர் கூடப் போக வேண்டும், போகாவிட்டால் 403 (அனுமதி இல்லை) என்று முகத்தில் அடித்தாற்போல் வரும். சரியாகக் கேட்டால் மூன்றே விவரத்தோடு ஒரு குட்டி ஜேசன் வரும்: நீளமான டோக்கன், அது இன்னும் எத்தனை நொடி செல்லும் என்ற எண், ‘பேரர்’ (கையில் வைத்திருப்பவர் பயன்படுத்தலாம்) என்ற வகை. டோக்கனின் ஆயுள் ஒரு மணி நேரம், அதாவது 3600 நொடி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டால் அதே டோக்கன்தான் வரும், நொடிக்கணக்கு மட்டும் குறைந்திருக்கும். காலாவதியாகப் போகிற நேரத்தில்தான் புதியதைத் தருவார்கள்.

இதையெல்லாம் நீங்கள் கோடில் எழுத வேண்டியதில்லை. பைத்தானோ ஜாவாவோ கோவோ, கூகுளின் கிளையன்ட் லைப்ரரியே பார்த்துக்கொள்ளும். அது தேடும் வரிசை மட்டும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் என்விரான்மென்ட் வேரியபிளில் கீ ஃபைல் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பார்க்கும், அடுத்து ஜிகிளவுட் கமாண்டில் லாகின் செய்தபோது சேமித்துவைத்த ஃபைல், கடைசியில்தான் மெட்டாடேட்டா சர்வர். புது அக்கவுண்டுக்கு எல்லா ரோலும் கொடுத்தாச்சு, மெஷினிலும் இணைத்தாச்சு, ஆனாலும் பர்மிஷன் இல்லை என்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். என்றைக்கோ யாரோ சிஸ்டம்டி யூனிட் ஃபைலில் (லினக்ஸில் ப்ரோகிராமைத் தானாக ஓட்டும் அமைப்பு ஃபைல்) எழுதிவைத்த பழைய வேரியபிள் அங்கே குந்திக்கொண்டிருக்கும், அது இருக்கும்வரை மெட்டாடேட்டா சர்வரை லைப்ரரி எட்டிக்கூடப் பார்க்காது.

கீ ஃபைலோடு ஒப்பிட்டால் போட்டியே இல்லை. நாமாக டவுன்லோடு செய்யும் கீக்கு, வேறெதுவும் அமைக்காவிட்டால், காலாவதியே கிடையாது. பட்டியலில் அதன் கடைசித் தேதி 9999-ம் ஆண்டு என்று காட்டும்! ஒரு அக்கவுண்டுக்கு இப்படி 10 கீ வரை வைத்துக்கொள்ளலாம். யாருடைய லேப்டாப்பில் எந்த கீ இருக்கிறது என்று சில மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. தவறிப்போய் கோடைச் சேமித்துவைக்கும் கிட்டில் கமிட் ஆனால் கதை முடிந்தது. மெஷினோடு இணைத்த அக்கவுண்டில் கசிய ஃபைலே இல்லை, கீ மாற்றும் வேலையும் கூகுளுடையது.

சரி, குறைகளுக்கு வருவோம்.

முதல் குறை, டிஃபால்ட் அக்கவுண்ட். கம்ப்யூட் என்ஜின் (விர்ச்சுவல் மெஷின் சேவை) ஏபிஐயை ஆன் செய்ததும் ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் தானாக உருவாகும், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புது மெஷின்கள் அதன் பெயரில்தான் ஓடும். பிரச்சினை என்னவென்றால் அதற்கு ப்ராஜெக்ட் முழுமைக்கும் எடிட்டர் ரோல் தானாகவே கொடுக்கப்பட்டுவந்தது. எடிட்டர் என்றால் ப்ராஜெக்டில் இருக்கும் பெரும்பாலானவற்றை உருவாக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். ஒரு பேக்கப் ஸ்கிரிப்டுக்கு இது எதற்கு? 2024 மே 3 முதல் உருவான ஆர்கனைசேஷன்களில் (ஒரு நிறுவனத்தின் ப்ராஜெக்டுகள் எல்லாம் அடங்கும் அமைப்பு) இந்தத் தானியங்கி எடிட்டர் வழங்கலைத் தடுக்கும் பாலிசி ஆரம்பத்திலேயே அமலில் இருக்கிறது, நல்ல காரியம். பழைய ப்ராஜெக்டுகள் இருந்தபடியே இருக்கின்றன, நீங்கள்தான் போய் எடுக்க வேண்டும்.

இரண்டாவது குறைதான் அந்த எரிச்சலான ஒன்று: ஸ்கோப். மெஷின் எந்தெந்த சேவைகளைத் தொடலாம் என்ற எல்லை இது, ஐஏஎம் (யாருக்கு என்ன அனுமதி என்று தீர்மானிக்கும் பகுதி) ரோல்கள் வருவதற்கு முந்தைய காலத்து ஏற்பாடு, இன்னும் போகவில்லை. அக்கவுண்டுக்கு ரோல் இருந்தால் மட்டும் போதாது, மெஷினுக்கு ஸ்கோப்பும் இருக்க வேண்டும், இரண்டும் அனுமதிப்பது மட்டும்தான் நடக்கும். டிஃபால்ட் ஸ்கோப்பில் ஸ்டோரேஜைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது, அதனால் ரோலைச் சரியாகக் கொடுத்தும் பேக்கப் விழுந்துவிடும். அதை மாற்றலாம் என்றால் மெஷினை நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் சர்வரை ஒரு டிக் பாக்ஸுக்காக நிறுத்துவது எந்த ஊர் நியாயம்? போதாததற்கு, கன்சோலில் (வெப் பக்கத்தில்) நாமே உருவாக்கிய சர்வீஸ் அக்கவுண்டைத் தேர்ந்தெடுத்து மெஷின் உருவாக்கினால் முழு ஸ்கோப் கிடைக்கும், அதையே ஜிகிளவுட் கமாண்டில் ஸ்கோப்பைக் குறிப்பிடாமல் உருவாக்கினால் பழைய குறுகிய ஸ்கோப்தான் கிடைக்கும். கன்சோலில் சோதித்தபோது ஓடியது ஸ்கிரிப்டில் உருவாக்கியதும் ஏன் ஓடவில்லை என்பதற்குப் பல நேரம் இதுதான் விடை.

எந்தப் பூட்டு தடுக்கிறது என்பதை எரர் செய்தியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ‘இன்சஃபிஷியன்ட் ஆத்தென்டிகேஷன் ஸ்கோப்ஸ்’ என்று வந்தால் மெஷினின் ஸ்கோப். பக்கெட் பெயரையும் குறிப்பிட்ட ஒரு பர்மிஷனின் பெயரையும் சொல்லி இல்லை என்றால் ஐஏஎம் ரோல். இரண்டும் 403 தான் என்பதால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ரோலுக்கு மேல் ரோலாகக் கொடுத்துக்கொண்டே போனால் ஒன்றும் ஆகாது. ரோல் கொடுத்த உடனேயும் சோதிக்காதீர்கள், பரவுவதற்குப் பொதுவாக 2 நிமிடம் ஆகும், சில நேரம் 7 நிமிடமோ அதற்கு மேலுமோ ஆகலாம் என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஸ்கோப்புக்கு என் வழி எளிது. எல்லா மெஷினுக்கும் முழு ‘கிளவுட்-பிளாட்ஃபார்ம்’ ஸ்கோப், கட்டுப்பாடு முழுவதும் ரோலில். கூகுளே இதைத்தான் பரிந்துரைக்கிறது. ஆனால் டிஃபால்ட் அக்கவுண்டின் எடிட்டர் ரோலோடு இந்த முழு ஸ்கோப்பைச் சேர்த்துவிடாதீர்கள், அதைவிட மோசமான கூட்டணி கிடையாது. இன்னொன்று, முழு என்ற பெயரை நம்பி கூகுள் ஷீட்டைப் படிக்கப் போனால் அங்கேயும் அடிவிழும். டிரைவும் ஷீட்டும் கிளவுட்-பிளாட்ஃபார்ம் ஸ்கோப்புக்குள் வராது. மெஷினை நிறுத்தி, கமாண்ட் லைனில் அந்த ஸ்கோப்பைத் தனியாகச் சேர்த்து, அந்த ஷீட்டையும் சர்வீஸ் அக்கவுண்டின் முகவரிக்கு ஷேர் செய்தால்தான் வேலைக்கு ஆகும். பிக்குவெரியில் (கூகுளின் டேட்டா அலசும் சேவை) ஷீட்டை டேபிளாக இணைத்து மெஷினிலிருந்து க்வெரி போடுபவர்கள் மாட்டிக்கொள்வதும் இதே இடத்தில்தான்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனம் பாதிதான். மெஷினுக்குள் கால்வைக்க முடிந்த எவரும் அந்த டோக்கனை எடுக்கலாம், ரூட் அதிகாரம்கூடத் தேவையில்லை. ஒரே மெஷினில் நாலைந்து டாக்கர் கன்டெய்னர்களை (தனித்தனிப் பெட்டியாக ஓடும் ப்ரோகிராம்கள்) ஓட்டினால் நாலைந்துக்கும் ஒரே அடையாளம்தான். நான் பார்த்த ஒரு டீமில் ரிப்போர்ட் தயாரிக்கும் கன்டெய்னருக்குச் சம்பள விவர பக்கெட்டைப் படிக்கும் அதிகாரம் இருந்தது, யாரும் கொடுக்கவில்லை, பக்கத்து கன்டெய்னருக்குத் தேவை என்பதால் மெஷினுக்குக் கொடுத்தது இதற்கும் சேர்ந்து போயிருந்தது. அந்த மாதிரி இடத்தில் மெஷினைப் பிரியுங்கள், அல்லது கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸுக்குப் போய் ஒவ்வொரு வொர்க்லோடுக்கும் தனி அடையாளம் கொடுங்கள்.

வெளியே இருந்து வரும் ஆபத்தும் இருக்கிறது. 2019-ல் கேபிட்டல் ஒன் வங்கியில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் திருடுபோனது, தவறாக அமைத்த ஃபயர்வால் வழியாக மெட்டாடேட்டா சர்வரைக் கேட்கவைத்து ரோலின் டோக்கனை எடுத்ததால்தான். அது அமேசான் கிளவுட். அதே ஆண்டு நவம்பரில் அமேசான் மெட்டாடேட்டா சேவையின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. கூகுள் அந்த ஹெடரைக் கட்டாயமாக்கியிருப்பதும் இந்த வகைத் தாக்குதலை மனதில் வைத்துத்தான், வெறும் யூஆர்எல்லை மட்டும் மாற்ற முடிகிறவனுக்கு டோக்கன் கிடைக்காது. ஹெடரையும் சேர்த்து அனுப்பவைக்க முடிந்தால் கிடைத்துவிடும், எனவே ரோலைக் குறுக்குவதுதான் கடைசி அரண்.

அப்புறம், ‘சர்வீஸ் அக்கவுண்ட் யூசர்’ என்ற ரோலின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதை ப்ராஜெக்ட் அளவில் ஒருவருக்குக் கொடுத்தால், மெஷின் உருவாக்கும் அனுமதியும் இருந்தால் அவர் அந்த ப்ராஜெக்டின் எந்த சர்வீஸ் அக்கவுண்டாகவும் ஆகிவிடலாம். குறிப்பிட்ட அக்கவுண்டின் மேல் மட்டும் கொடுங்கள்.

மற்ற கிளவுடுகளிலும் இதே யோசனைதான். அமேசான் 2012-லேயே மெஷினுக்கு ரோல் கொடுக்கும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் அஷ்யூரில் மேனேஜ்டு ஐடென்டிட்டி, அதில் மெஷினை அழித்தால் கூடவே அழியும் வகை ஒன்று உண்டு. அது கூகுளிலும் இருந்திருந்தால் கேட்பாரற்ற அக்கவுண்டுகள் இவ்வளவு சேராது. ஒரு மெஷினுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளமும் அஷ்யூரில் முடியும், கூகுளில் ஒன்றே ஒன்று.

மொத்தத்தில் 5-க்கு 4 கொடுப்பேன், போன ஒரு மதிப்பெண் முழுக்க ஸ்கோப்புக்குத்தான். கிளவுடுக்கு வெளியே இருக்கும் மெஷினுக்கு இது உதவாது, அதற்கு வொர்க்லோடு ஐடென்டிட்டி ஃபெடரேஷன் என்று வேறு வழி இருக்கிறது.

ஏற்கெனவே கீ ஃபைலில் ஓடிக்கொண்டிருப்பவர்கள் மாறும்போது கீயை உடனே அழிக்க வேண்டாம். மெஷினோடு அக்கவுண்டை இணைத்து, வேரியபிளை எடுத்துவிட்டு, கீயை முதலில் டிஸேபிள் மட்டும் செய்யுங்கள். மாதம் ஒருமுறை ஓடும் வேலை ஏதாவது இருந்தால் அதுவும் ஒரு சுற்று ஓடட்டும். டிஸேபிள் செய்ததைத் திரும்ப எனேபிள் செய்யலாம், அழித்த கீ திரும்ப வராது. அக்கவுண்டையே அழித்துவிட்டால் 30 நாளுக்குள் மீட்க வழி உண்டு, ஆனால் அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கிப் பழைய ரோல்கள் ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒட்டாது.