முழுக்கட்டுரையா, பிட்ச்சா: எதை முதலில் அனுப்புவது?

சிறப்புக் கட்டுரை எழுதிப் பழகும் இதழியல் மாணவருக்கு முன்னால் இரண்டு வழிகள். முழுதாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பலாம். அல்லது முதலில் பிட்ச் (என்ன எழுதப்போகிறோம் என்று சொல்லும் ஒரு பக்க முன்மொழிவு) அனுப்பி, பத்திரிகை ஆசிரியர் சரி என்றபின் எழுதலாம்.

முழுக்கட்டுரையில் ஒரு வசதி உண்டு. எதுவுமே பிரசுரமாகாதவருக்கு எழுத வருமா என்ற சந்தேகத்துக்குக் கட்டுரையே பதில் சொல்லிவிடும். அனுபவக் கட்டுரையையும் நகைச்சுவையையும் இப்படித்தான் அனுப்ப வேண்டும். அவற்றின் உயிர் நடையில் இருக்கிறது, சுருக்கினால் ஒன்றும் மிஞ்சாது. களத்துக்குப் போய் எழுதும் கட்டுரை வேறு. அலைந்து பேட்டி எடுத்து 2,000 சொற்கள் எழுதிய பிறகு, "போன மாதம்தான் இதைப் போட்டோம்" என்று ஒரே வரியில் பதில் வரலாம்.

பிட்ச் என்றால் வீணாவது ஒரு பக்கம்தான். ஆசிரியர் கோணத்தையும் நீளத்தையும் முன்பே சொல்லிவிடுவார். பேட்டி கேட்கும்போது எந்தப் பத்திரிகைக்கு என்றும் சொல்ல முடியும். மாணவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் பலர் வெறும் தலைப்பை அனுப்பிவிட்டு அதைப் பிட்ச் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'செவிலியர்களின் இரவுப் பணி' வெறும் பொருள். 'இரவுப் பணி அட்டவணையைத் தாங்களே போட ஆரம்பித்த ஒரு வார்டின் செவிலியர்கள்: வேலைப்பளு குறைந்ததா, இடம் மாறியதா?' என்றால் ஆட்கள் வந்துவிட்டார்கள், ஒரு மாற்றம் தெரிகிறது, தேட ஒரு கேள்வியும் கிடைத்தது. உட்கார்ந்த இடத்தில் யோசித்து இதை எழுத முடியாது. இரண்டு பேரிடமாவது பேசியிருக்க வேண்டும், வார்டுக்குள் போக அனுமதி கிடைக்குமா என்று விசாரித்திருக்க வேண்டும். அப்புறம், இதை ஏன் இப்போது போட வேண்டும் என்பதற்கும் ஒரு வரி தேவை.

அதனால் களக் கட்டுரைக்கு என் ஓட்டு பிட்ச்சுக்கே, கொஞ்சம் விசாரித்த பிறகு.

"எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்" என்று பதில் வந்தால் துள்ள வேண்டாம். ஆர்வம் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். பிரசுரத்துக்கோ சன்மானத்துக்கோ உறுதி இல்லை. பதிலே வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். சீக்கிரம் பழசாகிவிடும் கதையா? இந்தத் தேதிக்குள் பதில் இல்லையென்றால் வேறு பத்திரிகையை அணுகுவேன் என்று முதல் மடலிலேயே எழுதிவிடுங்கள்.