அம்மாவோடு ஒரு நாள்: காசிமேடு, திருவொற்றியூர், பழவேற்காடு, கடைசியில் அத்தோ

சென்னை தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான், பதினான்கு வருடமாக டொரான்டோவில் இருக்கிறேன். இந்தப் பொங்கலுக்கு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கு வந்தபோது அம்மா ஆசைப்பட்டுக் கேட்டது இதுதான்: "எல்லாரும் ஒரே வண்டியில ஏறி ஒரு நாள் பூரா சுத்தணும்டா, கடையிலதான் சாப்பிடணும், நான் சமைக்க மாட்டேன்." அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, சர்க்கரை வேறு. அதனால் எந்தக் கடையில் என்ன ருசி என்பதைவிட, எத்தனை படி, உட்கார எப்படி இடம், கழிவறை இருக்கிறதா என்பதைத்தான் அதிகம் எழுதப்போகிறேன். பெரியவர்களை அழைத்துக்கொண்டு வருகிற நம்மவர்களுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும், ருசி பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

வண்டியிலேயே முதல் கோளாறு. படி தாழ்வாக இருக்கிற கார்தான் வேண்டும் என்று இரண்டு தடவை போனில் சொல்லி முன்பணமும் கட்டியிருந்தேன், விடியற்காலை ஐந்தரைக்கு வந்து நின்றதோ உயரமான வேன். ஆபீசுக்குப் போன் போட்டால் வெகுநேரம் எடுக்கவில்லை, எடுத்த பிறகு "இன்னிக்கு இதான் சார் இருக்கு" என்று வைத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அம்மாவால் ஏற முடியாவிட்டால் இத்தனை ஏற்பாடும் எதற்கு? டிரைவர் தம்பி ஒன்றும் பேசாமல் தெருமுனை டீக்கடைக்குப் போய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை வாங்கி வந்தார், வேன் வாசலில் போட்டு, ஆடாமல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, "ஏறுங்கம்மா, நான் புடிச்சிக்கிறேன்" என்றார். சாயங்காலம் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னாராம். அன்று பூரா அந்த ஸ்டூல் எங்களோடு வந்தது.

முதலில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியும் முன்னே போய்விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்றால் நிற்கக்கூட இடம் இருக்காது, நாங்கள் போனது வியாழக்கிழமை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளில் வருகிறவர்கள் பெரிய மீனை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர், வழுக்கும், அம்மாவை உள்ளே கூட்டிப்போகவே கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஓரத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா பார்த்துவிட்டு, "இங்க வா ஆயா, இப்டி குந்து" என்று தன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போடச் சொன்னார். அப்புறம் அம்மா அங்கிருந்தே எங்களை ஏவ, நாங்கள் ஒரு முழு வஞ்சிரமும் கொஞ்சம் சங்கராவும் வாங்கி வந்தோம். அந்த அக்கா அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு வஞ்சிரத்தைத் துண்டு போட்ட அழகை என் மகள் அசையாமல் பார்த்தாள், ஒவ்வொரு துண்டும் ஒரே கனம். "தலைய ரெண்டாப் பொளந்து தா" என்று அம்மா சொன்னதும், "கொழம்புக்குத்தானே, தெரியும் ஆயா" என்றார். இங்கே ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் சில்லறைக்கு அலைய வேண்டும், எல்லாரும் க்யூஆர் அட்டையைத்தான் காட்டுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கான என்ஆர்ஓ, என்ஆர்இ வங்கிக் கணக்கு இருந்தால் கனடா, சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன் போன்ற சில நாட்டு மொபைல் எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம், கிளம்பும் முன்பே வங்கியில் கேட்டுச் செய்துவிடுங்கள். மீனை மச்சான் பைக்கில் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் காலை டிபன். பூரி, கல் தோசை, வடகறி எல்லாம் நன்றாக இருந்தன, ஆனால் ஏசி ரூம் மாடியில், கழிவறையும் மாடியில், பதினேழு படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். சப்ளையர் கீழேயே ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுத்து, அம்மாவுக்குச் சர்க்கரை இல்லாத காபியை மறக்காமல் முதலில் கொண்டு வந்தார். குறை அவர் மேல் இல்லை, கட்டடத்தின் மேல்தான். கீழே ஒரு கழிவறை கட்ட எவ்வளவு இடம் வேண்டும்?

அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி மெட்ரோ. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டித்த பிறகு தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று வழியெல்லாம் நிலையம் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, கழிவறை சுத்தமாக இருந்தது. பத்து ரூபாய் டிக்கெட் வாங்கி அம்மாவும் மனைவியும் உள்ளே போய் வந்தார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அம்மா காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "வழியில எங்கடா போறது" என்றார். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது.

திருவொற்றியூரில் வடிவுடையம்மனைப் பார்த்தோம். அதே கோயிலில் இருக்கிற சிவன், ஆதிபுரீஸ்வரர், எப்போதும் கவசத்தில்தான், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் இல்லாமல் பார்க்கலாம். சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மகிழ மரத்தடியில் அம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். உச்சிக்கால நடை சாத்தும் முன் போய்விடுங்கள்.

அங்கிருந்து மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், கூகுள் சொல்லும் நேரத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கழிவறையைப் பூட்டி வைத்திருந்தார்கள், சாவி கேட்டால் மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். அறுபத்தெட்டு லிட்டர் டீசல் போட்டுவிட்டுத்தான் கேட்டோம்.

பழவேற்காட்டில் ஒரு வீட்டோடு சேர்ந்த சின்ன மெஸ். வாழை இலையில் சோறு, நண்டு மசாலா, இறால் தொக்கு, மடவை மீன் குழம்பு. நண்டு அன்று காலை ஏரியில் பிடித்தது, ஓட்டை உடைத்ததும் சதை முழுசாகக் கழன்று வந்தது. டச்சுக்காரர் காலத்துக் கல்லறையைப் பார்க்கத்தான் நிறையப் பேர் வருகிறார்களாம், நாங்களும் எட்டிப் பார்த்தோம், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. எனக்கு நினைவில் நிற்பது மெஸ்கார அம்மாதான். நாங்கள் கேட்கவே இல்லை, எங்கள் அம்மா நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, திண்ணை ஓரம் மேசையைப் போட்டார், சாப்பிட்டு முடித்ததும் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் கழிவறைக்குக் கூட்டிப்போனார். காசு கொடுக்கப் போன என் மனைவியிடம், "எங்க அம்மாவும் இப்டித்தான்மா நடக்கும்" என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும்போது ராயபுரம் ரயில் நிலையத்தை வேனிலிருந்தே காட்டினேன், தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் அங்கிருந்துதான் கிளம்பியது. அப்புறம் பீச் ஸ்டேஷன் பக்கம், செகண்ட் லைன் பீச், அத்தோ. பர்மாவில் 1962-க்குப் பிறகு வாழ வழியில்லாமல் திரும்பி வந்த நம் ஜனங்கள் கொண்டு வந்த சாப்பாடு இது. நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய், மேலே மொறுமொறுவென்று பொரித்த பேஜோவை நொறுக்கிப் போட்டு மாஸ்டர் கையாலேயே பிசைந்து கொடுத்தார், கூடவே வாழைத்தண்டு சூப். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், சம்பள நாளில் இதே தெருவிலிருந்துதான் பார்சல் வாங்கி வருவார். நின்று சாப்பிடும் கடைதான், நாங்கள் ஸ்டூலை இறக்கிப் போட்டோம். கீறி, உள்ளே வெங்காயமும் பூண்டும் அடைத்த அவித்த முட்டையை அம்மா ஒரே வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே "உங்கப்பா காரம் கம்மியா வாங்குவாருடா" என்றார். இரண்டாவது சூப்பும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வாடகை, பேட்டா, டோல் எல்லாம் பேசியபடிதான், டிரைவர் தம்பிக்குத் தனியாகக் கொஞ்சம் கையில் கொடுத்தேன். வண்டி ஏற்பாடு செய்பவர்கள் வேன் படியின் உயரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

நாங்கள் வீடு சேர்ந்தபோது டீக்கடை சாத்தியிருந்தது. மறுநாள் காலையில் மகன் ஸ்டூலைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டான், அம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார், இன்னொரு கையில் சின்னத் தூக்கில் வஞ்சிரக் குழம்பு.