ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பீமுக்கு மைல்ட் ஸ்டீல் கணக்கு: நான் ஏமாந்தது இப்படித்தான்

தினமும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டிய மேடை. துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காகவே கூடுதல் செலவு செய்து 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பீம் போடச் சொன்னேன். 4 மீட்டர் நீளம், 150 மி.மீ. உயரம். டிசைன் செய்ததும் பீமைச் செய்து மாட்டியதும் ஒரே நிறுவனம். முழு எடை ஏறினால் நடுவில் 18 மி.மீ. தொய்யும், இறக்கினால் பழையபடி நிமிர்ந்துவிடும் என்று எழுதியே கொடுத்தார்கள்.

எடையை ஏற்றி, முனைக்கு முனை நூல் கட்டி அளந்தேன். 23 மி.மீ. சரி, சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் இறக்கிய பிறகு அளந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 5 மி.மீ. வளைவு அப்படியே நின்றது. இப்போது மேடையைக் கழுவினால் தண்ணீர் ஓடாமல் நடுவிலேயே தேங்குகிறது.

கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தேன். யீல்டு, அதாவது உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு, 250 மெகாபாஸ்கல்; பீமில் வரும் தகைவு (குறிப்பிட்ட பரப்பில் விழும் விசை) 165, அதனால் பத்திரம் என்று போட்டிருந்தார்கள். அது அப்படியே மைல்ட் ஸ்டீல் கணக்கு. 304-க்குத் தெளிவான யீல்டு புள்ளியே கிடையாது. எடையை எடுத்த பிறகும் 0.2 சதவீத நீட்சி, அதாவது மீட்டருக்கு 2 மி.மீ., எந்தத் தகைவில் நிரந்தரமாக நிற்கிறதோ அதைத்தான் அதன் வலிமை என்று வைத்துக்கொள்கிறார்கள். சூடாக உருட்டிய தகட்டுக்கு யூரோகோடில் (ஐரோப்பியக் கட்டுமான விதித்தொகுப்பில்) அது 210 மெகாபாஸ்கல். தகைவையும் திரிபையும் (நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது என்பதையும்) வைத்து வரையும் வளைகோடு அதற்கு வெகு முன்பே சாயத் தொடங்கிவிடும். தகைவைத் திரிபால் வகுத்தால் வருவதுதான் மாடுலஸ், உலோகத்தின் விறைப்பு. 210-ஐத் தொடும்போது தகைவை மொத்தத் திரிபால் வகுத்தால் 69 கிகாபாஸ்கல்தான் வரும். தொடக்கத்தில் இருந்த 200-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு!

கேட்டதற்கு, "உடையவில்லையே, இனிமேல் வளையாது" என்றார்கள். இனி வளையாது என்பது ஓரளவு உண்மைதான். அதே எடையை மறுபடி ஏற்றி இறக்கினேன், 5 மி.மீ. கூடவில்லை, முதல் தடவையிலேயே உலோகம் இறுகிவிட்டது. ஆனால் நான் காசு கொடுத்தது நேரான பீமுக்கு. மாற்றித் தரவும் இல்லை, பணத்தைத் திருப்பவும் இல்லை.

ஆர்டர் கொடுக்கும் முன், தொய்வுக் கணக்கில் எந்த மாடுலஸ் போட்டீர்கள் என்று கேளுங்கள். தகைவுக்கேற்பக் குறையும் செகண்ட் (secant) மாடுலஸ், அதாவது மேலே சொன்னபடி மொத்தத் திரிபால் வகுத்தது, என்று பதில் வரவேண்டும். யூரோகோட் 3, பகுதி 1-4 அதைத்தான் சொல்கிறது. அப்புறம், ஆலைச் சான்றிதழை (உலோகத்தின் கிரேடையும் வலிமையையும் எழுதி உருக்காலை தரும் தாளை) கையில் வாங்காமல் முன்பணம் தராதீர்கள். அதில் 304எல் (கார்பன் குறைந்த 304) என்று இருந்தால், ஏஎஸ்டிஎம் ஏ240 என்ற அமெரிக்கத் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச வலிமை வெறும் 170 மெகாபாஸ்கல்தான். என் பீமின் சான்றிதழை நான்கு தடவை கேட்டுவிட்டேன், இன்னும் வரவில்லை.