முதிரைப் பலகை என்று சொல்லி 46,500 ரூபாயைச் சுருட்டினார்கள்: சைலபோன் செய்பவர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது. 46,500 ரூபாய். பழைய வீடுகளை உடைத்த மரம் விற்கிறோம் என்று இணையத்தில் பக்கம் வைத்திருக்கும் ஒருவருக்கு, முழுக் காசும் முற்பணமாக பேங்கில் கட்டியது.

இத்தனைக்கும் அது என் காசு மட்டும் இல்லை. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மரத்தில் சைலபோன் (மரக்கட்டைகளை வரிசையாகக் கோர்த்துக் கோலால் தட்டுகிற வாத்தியம்) செய்து கொடுக்கலாம் என்று பேசியபோது, லயத்து வீடுகளில் பெற்றோர் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டார்கள். நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024இல் நிர்ணயித்தார்களே, அந்தக் கணக்கில் ஒரு ஆள் முப்பத்து நாலு நாள் கொழுந்து பறித்தாலும் இந்தத் தொகைக்குக் கொஞ்சம் குறையும்.

இங்கே கிரவிலியா, சப்பு எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். மேலே உட்கார்ந்து கையால் தட்டுகிற கஹோன் பெட்டி அடிக்க அவை போதும். சைலபோன் கட்டைக்குத்தான் சரிவராது. தட்டினால் 'டொக்' என்று அங்கேயே செத்துப்போகும். நின்று ஒலிக்க இறுக்கமான, நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். முதிரை அப்படிப்பட்டது, ஆனால் அது வரண்ட பிரதேசத்து மரம், மலையில் இல்லை. பழைய வீட்டுக் கதவு நிலையிலோ கூரைத் தீராந்தியிலோ இருந்து எடுத்ததென்றால் பல வருஷம் காய்ந்திருக்கும், இன்னும் நல்லது.

அந்த ஆள் ஒரு வீடியோ அனுப்பினார். அதில்தான் நம்பினேன். இரு முனையும் விட்டு அடிக்கும் கட்டைக்கு, முனையிலிருந்து நீளத்தில் 22.4 சதவீதம் உள்ளே தள்ளி அதிராத இடம் ஒன்று இரண்டு பக்கமும் உண்டு. 40 சென்ரிமீற்றர் கட்டையில் ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர். கயிறு கோர்க்கத் துளை போடுவது அங்கேதான். வேறெங்கே பிடித்தாலும் சத்தம் அமுங்கிவிடும். வீடியோவில் அவர் சரியாக அந்த இடத்தில் இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்து, ரப்பர் தலை வைத்த கோலால் நடுவில் தட்டினார். 'ணங்' என்று நீண்டு நின்றது. மரம் விற்கிறவனுக்கு இது தெரிந்திருக்கத் தேவையே இல்லை. தெரிந்திருக்கிறது, அப்படியென்றால் வேலைக்காரன் என்று நினைத்தேன். "எந்தச் சுருதியில இருந்து வேணும் தம்பி, அதுக்குத் தக்கன நீளம் பார்த்து அனுப்புறேன்" என்று வேறு கேட்டார். அன்றைக்கே 46,500 ரூபாயைக் கட்டினேன்.

லொறியில் சாமான் வந்தது. தூக்கினால் நல்ல கனம், முதிரை மாதிரியே மஞ்சள். ஒன்றை 40க்கு 5க்கு 2 என்று அறுத்து நிறுத்தேன், 390 கிராம். காய்ந்த முதிரை கிட்டத்தட்ட தண்ணீர் அளவுக்குக் கனமானது, ஆகவே 400 கன சென்ரிமீற்றருக்கு இது பொருத்தம்தான். சரி என்று சீவி அடிப்பக்கம் நடுவில் அரம் போட ஆரம்பித்தேன். நடுவில் சுரண்டினால் சுருதி இறங்கும், முனையைக் குறைத்தால் ஏறும். சுருதி காட்டும் போன் டியூனரை வைத்து 262 ஹேர்ட்ஸுக்கு, அதாவது நடு C சுருதிக்கு, இறக்கிவிட்டு அடுப்பங்கரைப் பரணில் வைத்தேன்.

அடுத்த கிழமை எடுத்துத் தட்டினால் சுருதி ஏறி 275ஐத் தாண்டி நிற்கிறது! நிறுத்துப் பார்த்தேன், சீவியது போகவும் எடை குறைந்து 300க்கும் கீழே. அப்புறம் முனையில் வெடிப்பு. ஈரத்துணியால் துடைத்தேன், துணியெல்லாம் மஞ்சள் சாயம். ஏதோ மலிவான பச்சை மரத்தை அறுத்துச் சாயம் பூசி அனுப்பியிருக்கிறார்கள். நான் கையில் தூக்கிப் பார்த்தது தண்ணீரின் கனம். தப்படிக்கிற மாமா ஒருவர் பார்த்துவிட்டு, "தோலுன்னா நெருப்புல காட்டி ஏத்திரலாம், இத என்னடா செய்யிறது?" என்று கேட்டார். ஒன்றும் செய்ய முடியாது. பாதிப் பலகை வளைந்தும் போய்விட்டது.

போன் எடுத்தேன். முதல் பதில்: "மலையில மிஸ்ட் தம்பி, அங்க எந்த மரமும் ஈரம் குடிக்கும்." ஈரம் குடித்தால் எடை கூடத்தானே வேண்டும் அண்ணே, இங்கே சீவியது போகவும் குறைந்திருக்கிறதே என்றேன். கொஞ்சம் பேச்சில்லை. பிறகு லொறிக்காரன் மாற்றி ஏற்றிவிட்டான் என்றார். அப்படியானால் சரியானதை அனுப்புங்கள் என்றதும், முதலில் இதைத் திருப்பி அனுப்பச் சொன்னார், கூலி என் தலையில். அறுத்த கட்டையைத் திரும்ப எடுக்க மாட்டாராம். அறுக்காமல் சைலபோன் எப்படிச் செய்வது? கடைசியாக ஒரு பெண் குரல், "அவர் இப்ப இந்த வேலை செய்றதில்ல" என்றது. இப்போது என் நம்பரைத் தடுத்துவிட்டார்கள். அதே வீடியோ வேறு பெயரில் இன்னொரு பக்கத்தில் ஓடுகிறது. அதே விரல், அதே 'ணங்'.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். கை நடுங்குகிறது, இப்போதைக்கு இவ்வளவுதான். முழுக் காசையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். ஒரு துண்டு மட்டும் வாங்கி, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த இடத்தில் வைத்து நாளுக்கு ஒருமுறை நிறுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் அரத்தைத் தொடவே வேண்டாம். வீடியோச் சத்தத்தை நம்பாதீர்கள், எந்தக் கட்டையைத் தட்டுகிறான் என்று யாருக்குத் தெரியும். விலாசமும் பில்லும் கேளுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற போன் இலக்கத்தில் முறைப்பாடு சொல்லலாம், ஆனால் யார் மேல் என்று சொல்ல வேண்டுமே. என்னிடம் இருப்பது ஒரு கணக்கு இலக்கமும் எடுக்காத போன் நம்பரும்தான்.

46,500 ரூபாய்க்கான பேங்க் ஸ்லிப்பும் மெசேஜ் எல்லாமும் பத்திரமாக இருக்கின்றன. இந்த வீடியோவைப் பார்த்துக் காசு கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், ஹட்டனோ பண்டாரவளையோ எங்கேயென்றாலும் பரவாயில்லை. தனியாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நாலு பேராகப் போய் பொலிஸில் கொடுப்போம்.