அன், இன், டிஸ், நான்: எதை முதலில் பிடிப்பது?

ஆங்கிலச் சொல்வளம் பெருக முன்னொட்டுகளைப் படிக்கச் சொல்லாத கையேடே இல்லை. தெரிந்த சொல்லுக்கு முன்னால் இரண்டு மூன்று எழுத்தைச் சேர்த்தால் எதிர்ச்சொல் கையில். சரி, ஆனால் எதிர்மறை முன்னொட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. நேரம் குறைவாக உள்ளவர் எதில் தொடங்குவது?

என் ஓட்டு 'அன்'னுக்கு. பழைய ஆங்கிலத்திலேயே இருந்த உள்ளூர்க்காரர் இவர். எந்த எழுத்துக்கு முன் வந்தாலும் உருவம் மாறமாட்டார். 'எட்' என்றோ 'ஏபிள்' என்றோ முடியும் பெயரடையா, தயங்காமல் 'அன்' போடலாம். பெரும்பாலும் தப்பாது: அன்-மேரிட், அன்-எம்ப்ளாய்ட், அன்-பிலீவபிள். ஒரே எச்சரிக்கை, வினையோடு சேர்ந்தால் 'இல்லை' என்ற பொருள் தராது, செய்ததைக் கலைக்கும். கதவை 'அன்-லாக்' செய்தேன் என்றால் பூட்டவில்லை என்று அர்த்தமில்லை; பூட்டியிருந்ததைத் திறந்தேன்.

லத்தீன் வழி வந்த 'இன்' அப்படியல்ல. பி, எம் எழுத்துகளுக்கு முன் 'இம்', எல்லுக்கு முன் 'இல்', ஆருக்கு முன் 'இர்': இம்பாசிபிள், இம்மெச்சூர், இல்லீகல், இர்ரெகுலர். பயிற்சிப் புத்தகங்கள் இவற்றை நான்கு முன்னொட்டுகளாக்கி நான்கு பட்டியல் போடுவதுதான் எனக்கு எரிச்சல். இருப்பது ஒன்றே ஒன்று. மரமும் 'கள்'ளும் சேர்ந்தால் மரங்கள் ஆகிறதே, யார் சொல்லித்தந்து அப்படிச் சொல்கிறோம்? அடுத்து வரும் ககரத்துக்காக மகரம் ஙகரமாகிவிடுகிறது. இங்கேயும் அதே வாய்ச் சோம்பல்தான். 'இன்பாசிபிள்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், உதடு தானாக மூடிக்கொள்ளும்.

ஒலியை வைத்துப் பிடித்தால் எழுத்துக்கூட்டலும் கூடவே வரும். இல்லீகலில் ஒரு எல் முன்னொட்டுடையது, இன்னொன்று லீகலுடையது, ஆக இரண்டு. அதே கணக்கில் அன்-நெசசரிக்கு இரண்டு என். டிஸ்-அப்பியரில் முன்னொட்டுடைய ஒரே எஸ்தான். பலர் இரண்டு போட்டு மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.

எந்தச் சொல்லுக்கு 'அன்', எதற்கு 'இன்'? முழு விதி கிடையாது, அரை விதி உண்டு. 'ஏபிள்' பெரும்பாலும் அன் பக்கம், 'இபிள்' பெரும்பாலும் இன் பக்கம். அதனால்தான் அன்-பிலீவபிள், ஆனால் இன்-க்ரெடிபிள். அப்புறம் கட்சி மாறும் சொற்கள் சில உண்டு. அன்-ஏபிள் என்பது பெயர்ச்சொல்லானால் இன்-எபிலிட்டி. அன்-ஜஸ்ட் என்பது இன்-ஜஸ்டிஸ். அன்-ஈக்வல் என்பது இன்-ஈக்வாலிட்டி. வினாத்தாள் எடுப்பவருக்கு இவை அல்வா. ஜோடியாகவே மனப்பாடம் செய்வது மேல்.

'நான்', 'டிஸ்' இரண்டில் சுலபம் நான். நான்-வெஜ், நான்-ஸ்டாப் என்று ஏற்கெனவே நம் வாயில் புழங்குகிறது. ஆனால் அது வகை பிரிக்கும், அவ்வளவே. நான்-ப்ரொஃபஷனல் என்றால் அந்தத் தொழிலில் இல்லாதவர். அன்-ப்ரொஃபஷனல் என்றால் வசவு. 'டிஸ்'ஸுக்கு வீரியம் அதிகம். காந்தியின் இரண்டு இயக்கங்களைப் பாருங்கள். 1920இல் நான்-கோஆபரேஷன்: அரசுப் பள்ளி வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம், பட்டம் வேண்டாம் என்று விலகினார்கள். 1930இல் சிவில் டிஸ்-ஒபீடியன்ஸ்: தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்பெடுத்துச் சட்டத்தையே மீறினார்கள். ஒதுங்கினால் நான், எதிர்த்தால் டிஸ். வினைச்சொற்களுக்கு, குறிப்பாக டிஸ்-அக்ரீ, டிஸ்-கனெக்ட் போன்றவற்றுக்கு, அன்னுக்கு அடுத்து இதைப் படிக்கலாம்.

முன்னொட்டு முறையை நம்பிக் கண்டதையெல்லாம் பிரிக்கக் கூடாது. 'அங்கிள்' கூட ஆங்கில எழுத்தில் 'அன்' என்றுதான் தொடங்குகிறது! இன்-டிஃபரன்ட் என்றால் வேறுபாடில்லாதது அல்ல, அக்கறையில்லாதது. பெட்ரோல் டேங்கர் லாரியின் முதுகில் எழுதியிருக்கும் இன்ஃப்ளேமபிள் இன்னும் ஆபத்து: தீப்பிடிக்காதது என்று படித்துவிட்டால் அவ்வளவுதான். அந்த 'இன்' மறுப்பே அல்ல, பற்றவைத்தல் என்ற லத்தீன் சொல்லோடு வந்தது. இந்தக் குழப்பத்துக்கு அஞ்சியே எச்சரிக்கைப் பலகைகளில் இப்போது ஃப்ளேமபிள் என்று எழுதுகிறார்கள். இன்-வேல்யுவபிளில் இருப்பது மறுப்புதான், ஆனால் மதிப்பில்லாதது என்று பொருளில்லை. மதிப்புப் போட முடியாத அளவு உயர்ந்தது. மேலாளர் உங்களை அப்படிச் சொன்னால் கோபிக்காமல் நன்றி சொல்லுங்கள்.