வெள்ளைப் பாம்பா, நகரக் காவல் தெய்வமா?

சீனப் புராணத்தை இன்றைய நகரத்துக்குக் கொண்டுவந்து மாயக்கதை எழுத எனக்குப் பிடித்தவர்கள் இருவர். முதலில் பாய் சுசென், பெண்ணுருவெடுத்த வெள்ளைப் பாம்பு. அவளை அடைத்துவைத்ததாகக் கதை சொல்லும் ஹாங்சோவின் லெய்ஃபெங் கோபுரம் 1924இல் இடிந்தது; 2002இல் மறுபடி எழுப்பினார்கள். இப்போது எஸ்கலேட்டரில் ஏறிப் போகலாம். அடியில் கண்ணாடிக்குப் பின்னால் பழைய செங்கல் குவியல். இடிந்த அன்றே அவள் தப்பியிருந்தால் இன்று எந்தத் தெருவில் இருப்பாள்? கதை அங்கேயே பிறந்துவிடுகிறது!

அப்புறம் செங்ஹுவாங், ஊருக்கு ஊர் இருக்கும் காவல் தெய்வம். நேர்மையான அதிகாரிகள் இறந்தபின் இந்தப் பதவிக்கு வருவார்கள் என்பது நம்பிக்கை. பாவபுண்ணியக் கணக்குக்காகப் பல கோயில்களில் பெரிய மணிச்சட்டம் (அபாகஸ்) தொங்கும். துப்பறியும் கதைக்கு இவர்தான் சரி. ஆனால் நான் முதலில் எழுதப்போவது பாம்பைத்தான்.