கல்லூரி உதவித்தொகை ஆலோசகரிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். "கல்லூரிச் செலவைக் குறைப்பது எப்படி? இலவச வகுப்பு" என்று வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு வந்தால் உஷாராக இருங்கள். எங்களிடம் 2,500 டாலர் வாங்கிக்கொண்டவர் அப்படி ஒரு வகுப்பில்தான் அறிமுகமானார். நம்ம ஊர்க்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார், இரண்டாவது நிமிடத்திலேயே "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

2024 கடைசியில் என் கணவருக்கு வேலை போய்விட்டது. மகள் 2025இல் கல்லூரி சேர வேண்டும். கல்லூரி உதவித்தொகைக்காக அரசாங்கத்திடம் போடும் ஃபாஃப்சா விண்ணப்பம் அந்த வருடத்துக்குப் பார்ப்பது 2023ஆம் ஆண்டு வருமானத்தை. அப்போது வீட்டில் இரண்டு சம்பளம். காகிதத்தில் நாங்கள் வசதியானவர்கள், கையில் ஒற்றைச் சம்பளம். பதற்றத்தில் இருக்கும் குடும்பங்களைத்தான் இந்த மாதிரி ஆட்கள் தேடுகிறார்கள்.

"கவலையே படாதீங்க அக்கா, உதவி கிடைக்கலைன்னா முழுப் பணமும் திருப்பிக் கொடுத்துடுவேன்" என்றார். கட்டணம் முழுவதும் முன்பணம். அப்புறம், "உங்க ஃபாஃப்சா ஐடியும் பாஸ்வேர்டும் அனுப்புங்க, நானே எல்லாம் போட்டுடறேன்" என்று கேட்டார். அதை நாங்கள் கொடுக்கவில்லை. அது பெற்றோரின் சட்டப்படியான கையெழுத்து. எந்த ஆலோசகர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஃபாஃப்சா நிரப்பக் காசே கிடையாது, அரசாங்கத் தளத்தில் இலவசம். பெற்றோர் எச்1பி விசாவில் இருந்தாலும், பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் என்றால் விண்ணப்பிக்கலாம். அதற்கும் தனிக் கட்டணம் கேட்கிறார்களாம்.

அடுத்துதான் அவருடைய உண்மையான வியாபாரம் வெளியே வந்தது. எங்களிடம் இருந்த 40,000 டாலர் சேமிப்பைப் பார்த்தால் கல்லூரி உதவி தராது, அதை ஆயுள் காப்பீட்டில் போட்டால் ஃபாஃப்சா கண்ணுக்குத் தெரியாது என்றார். வருடத்துக்கு 12,000 டாலர் பிரீமியம். காப்பீட்டின் பண மதிப்பை ஃபாஃப்சா கணக்கில் சேர்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் சொல்லாத பாதி இது: பெற்றோரின் சேமிப்பில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தைத்தான் குடும்பம் கல்லூரிக்குத் தரக்கூடிய பணமாக ஃபாஃப்சா கணக்கிடும். 40,000 டாலருக்கு அது 2,256 டாலர். இதைக் குறைத்துக் காட்டினாலும், முழுத் தேவையையும் ஈடுகட்டாத கல்லூரியில் ஒரு பைசா கூடுதலாக வராமல் போகலாம். பெரும்பாலான கல்லூரிகள் அப்படிப்பட்டவைதான். நாங்களும் பிரீமியம் கட்டினோம். பாலிசி வந்ததும் அட்டவணையைப் பார்த்தேன். முதல் வருடம் சரண்டர் மதிப்பு, அதாவது பாலிசியை விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்கும் தொகை, என்ற கட்டத்தில் பூஜ்ஜியம். மகளின் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம், கட்டணம் கட்டவேண்டிய நேரத்தில் கைக்கு வராது! அவருக்குக் கமிஷன் மட்டும் உடனே வரும்.

நல்லவேளை, ஆயுள் காப்பீட்டுக்கு 'ஃப்ரீ லுக்' காலம் உண்டு, அதாவது பாலிசி வேண்டாம் என்று திருப்பி அனுப்பி முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளும் அவகாசம். மாநிலத்தைப் பொறுத்துக் குறைந்தது 10 நாட்கள். அதற்குள் பாலிசியைத் திருப்பி அனுப்பினோம், பிரீமியம் முழுதாக வந்தது. அதிலிருந்து அவர் எங்கள் போனை எடுக்கவில்லை.

கல்லூரிக் கடிதம் வந்தபோது கடைசி வரியில் "மீதி: 0" என்று இருந்தது. மகள் துள்ளிக் குதித்தாள். மேலே ஒவ்வொரு வரியாகப் படித்தால், கல்லூரி மானியம் போக 26,300 டாலர் துண்டு விழுந்திருந்தது. அதை நிரப்பியிருந்த விதம்: மகளின் பெயரில் அரசுக் கடன் 5,500, அவள் வளாகத்தில் வேலை செய்து சம்பாதிக்கவேண்டியது 2,500, மீதி 18,300 'பேரண்ட் பிளஸ்'. இந்த பேரண்ட் பிளஸ் எங்கள் தலையில் விழும் கடன். 2025-26க்கு வட்டி 8.94 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதத்தைத் தாண்டிய கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். எல்லாமே ஒரே பட்டியலில், ஒரே எழுத்தில், 'உதவி' என்ற தலைப்பின் கீழ். இது எங்கள் கல்லூரி மட்டும் செய்வதல்ல. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 91 சதவீதக் கல்லூரிகள் குடும்பம் உண்மையில் கட்டவேண்டிய தொகையைச் சொல்வதே இல்லை அல்லது குறைத்துச் சொல்கின்றன. மானியத்தை மட்டும் கழித்துப் பாருங்கள். மற்றதெல்லாம் நீங்கள் கொடுக்கப்போகும் பணம்.

2,500 டாலரைத் திருப்பிக் கேட்டபோது மின்னஞ்சலில் பதில் வந்தது: "உங்களுக்கு உதவி கிடைத்துவிட்டதே." ஒப்பந்தத்தில் 'உதவி' என்பதில் கடனும் அடங்கும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த 5,500 டாலர் கடன், ஃபாஃப்சா போட்ட தகுதியுள்ள எந்த முதலாண்டு மாணவருக்கும் கிடைக்கக்கூடியது. அதாவது அவர் பணத்தைத் திருப்பித் தரவேண்டிய நிலைமை வரவே வராது. இதை யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

அவர் ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொல்லாத வழி ஒன்று இருந்தது. வேலை போனது, பெரிய மருத்துவச் செலவு வந்தது என்றால் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்திடம் 'புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்' கேட்கலாம். பழைய வருமானத்துக்குப் பதில் இன்றைய நிலைமையை வைத்துக் கணக்கை மாற்ற அவர்களுக்குச் சட்டமே அதிகாரம் கொடுக்கிறது. இதற்கும் கட்டணம் கிடையாது. வேலைநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையின்மை உதவி வாங்கிய சான்று, ஒரு பக்கத்தில் விளக்கம். அலுவலகத்தில் பேசிய பெண்மணி பொறுமையாகக் கேட்டார், என்ன குறைகிறது என்று சொன்னார். மானியம் 9,000 டாலர் கூடியது. மிச்சத்தில் மகளின் 5,500 கடனை ஏற்றுக்கொண்டோம். பாக்கியை வட்டியில்லாத மாதத் தவணையில் கட்டுகிறோம், சேமிப்பிலிருந்தும் எடுக்கிறோம். பேரண்ட் பிளஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். அதை நம்பித் திட்டமிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2026 ஜூலை 1 முதல், புதிதாகக் கடன் வாங்கும் பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 டாலர்தான் வரம்பு.

மாநிலக் காப்பீட்டுத் துறையிலும், நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.சி.யிலும் புகார் கொடுத்திருக்கிறோம். 2,500 டாலர் இன்னும் வரவில்லை. இப்படி ஒரு பாலிசியில் கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், பாலிசி கைக்கு வந்த தேதியை இப்போதே பாருங்கள். ஃப்ரீ லுக் காலம் முடியவில்லை என்றால், ரத்துக் கடிதத்தை முகவரிடம் கொடுக்காமல் காப்பீட்டு நிறுவனத்துக்கே பதிவுத் தபாலில் இன்றைக்கே அனுப்புங்கள்.